எச்சமும் ஒரு சாட்சி

(நெல்லியடியில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், சங்கத்தின் கல்விக் குழு சார்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாற்பது பிள்ளைகளையும் பெற்றோர் சிலரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வடமராட்சிக்கு வந்திருக்கிறோம். எங்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் தந்த உங்களுக்கு முதலில் நன்றி. இந்தக் கூட்டத்தில் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே வந்த குடும்பங்களும் இருக்கிறீர்கள். பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களும், வெங்காயத் தறையிலும் புகையிலைத் தறையிலும் கூலிக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைத்தோம். சம்பளத்தைப் பற்றியோ சந்தாவைப் பற்றியோ இன்றைக்குப் பேசப்போவதில்லை. செத்த பாம்பையும் செத்த ஆமையையும் பற்றிப் பேசப்போகிறோம்.

சிரிக்கிறீர்கள். காலையில் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு நடந்ததைச் சொல்கிறோம்.

இன்று விடிய மணற்காட்டுக் கரைக்குப் போனோம். எங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் கடலைக் கண்டதே இன்றுதான். அலையைப் பார்த்துக் கத்தி முடிந்த பிறகு, மணலில் பாதி புதைந்திருந்த ஒரு பொருளை ஒரு பையன் கண்டான். “சேர், உடைஞ்ச கூடை” என்றான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆமை ஓடு. தசை எல்லாம் போய்விட்டது. எலும்பும், அதன்மேல் அங்கங்கே ஒட்டியிருந்த தகடுகளும்தான் மிச்சம். ஒரு பிள்ளை அதில் ஒரு தகட்டைக் கழற்றிப் பாட்டிக்குக் காட்டக் கொண்டுபோகக் கேட்டாள். நாங்கள் வேண்டாம் என்றோம். அவளுக்குக் கோபம். ஏன் வேண்டாம் என்றோம் என்பதையும் பிறகு சொல்கிறோம்.

முதலில் எங்கள் தோட்டத்துப் பக்கம் நடந்த ஒன்று. தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு அக்கா மலையில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தபோது தேயிலைத் தூருக்குக் கீழே, சருகுக்குள்ளிருந்து ஏதோ காலில் கொத்தியது. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் அந்தப் பாம்பை அடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். “சின்னப் பாம்புதான், ஒரு முழம்கூட இல்லை” என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் பழையபடி கூடை தூக்கிக் கொழுந்து எடுக்க அவரால் முடியவில்லை.

நட்டஈடு கேட்டுச் சங்கம் போனது. ஆபீஸில் மூன்று கேள்வி கேட்டார்கள். கடித்தது பாம்புதான் என்பதற்கு என்ன சாட்சி? என்ன பாம்பு? மலையில் வேலை நேரத்தில் கடித்ததா, லயத்துக்குத் திரும்பும் வழியில் கடித்ததா? எங்களிடம் பதில் இருந்தது, சாட்சி இல்லை. பாம்பு சாம்பலாகிவிட்டது. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் “கால் வலி” என்று மட்டும் எழுதியிருந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் ஏற்படும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்க வழி தருகிறது. சட்டம் இருந்தும் வெறுங்கையோடு போனோம், வெறுங்கையோடு திரும்பினோம்.

அந்த நாளிலிருந்து நாங்கள் பாடசாலையில் ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொண்டோம். செத்ததைக் கண்டால் எரிக்காதே, புதைக்காதே, தூக்கி எறியாதே. முதலில் பார். என்னவென்று கண்டுபிடி. எழுதி வை. அந்தப் பாடத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

பாம்பிலிருந்து தொடங்குவோம்.

இந்த நாட்டில் 2012, 2013 ஆண்டுகளில் வீடு வீடாக எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, சுமார் 400 பேர் இறக்கிறார்கள். கடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு நிற்கிறவர்கள். பாம்புக்கடி ஏழைத் தொழிலாளியின் நோய். உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் அதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எந்தப் பாம்பு என்று தெரிவதால் என்ன பயன்? நமது ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரானது. எங்கள் மலைகளில் அதிகம் கடிக்கிற ஒரு குட்டைப் பாம்பு இருக்கிறது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். நாங்கள் கூனல்மூக்கு விரியன் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த மருந்து இதன் விஷத்தை முறிக்காது. அந்த மருந்தே சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தரும். ஆகவே கடித்தது எது என்று டாக்டருக்குத் தெரிந்தால், தேவையில்லாத மருந்தைத் தவிர்க்கலாம், சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்க்கலாம். அந்த அக்காவைக் கடித்தது இதுவாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. இங்கே நீங்கள் புடையன் என்பதை நாங்கள் கண்ணாடி விரியன் என்கிறோம். “விரியன் கடிச்சது” என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு அது கட்டுவிரியனா, கண்ணாடி விரியனா என்று தெரியாது. ஒன்றின் விஷம் நரம்பைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும். மற்றது இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். ஆகவே பெயரை விட அடையாளத்தைச் சொல்லப் பழகுவோம்.

செத்த பாம்பு முழுதாகக் கிடந்தால் என்ன பார்ப்பது?

கண்ணாடி விரியன் என்கிற புடையன்: தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி போல மூன்று வரிசையில் கருமையான வட்டப் பொட்டுகள். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு இருக்கும். தொட்டால் சொரசொரப்பு.

சுருட்டை விரியன்: சிறியது, மண்நிறம், பக்கவாட்டில் நெளிந்து ஓடும் வெளிர்கோடு. உங்கள் மணற்பாங்கான கரையோரங்களில் இருக்கிறது, எங்கள் உயர்ந்த மலைகளில் இல்லை.

கூனல்மூக்கு விரியன்: ஒரு முழத்துக்குள், தலை முக்கோணம், மூக்கு மேலே கிளம்பியது, முதுகில் இருபக்கமும் முக்கோணக் கறைகள். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையில் ஒரு சிறு குழி.

கட்டுவிரியன்: பளபளப்பான கருப்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். அந்த வளையங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் தெளிவாகும். வீட்டுக்குள் வரும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கு இது மறுபக்கம்: கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வாலில் மங்கும். இந்த இரண்டையும் மாறிச் சொல்லி உயிர் போன கதைகள் உண்டு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. விடிய வயிற்று வலி, கண் இமை தானாக மூடிக்கொள்ளும். அப்போதுதான் தெரியவரும்.

பாம்பு இல்லை, சட்டை மட்டும் கிடக்கிறது என்று வையுங்கள். சட்டையில் விஷம் இல்லை. அது உள்பக்கம் வெளியாகப் புரண்டு கழன்றிருக்கும், நிறமும் அநேகமாகத் தெரியாது. ஆனால் செதில் அப்படியே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு முதுகில் ஓடும் ஒரு வரிசை மட்டும் மற்றவற்றை விடப் பெரிதாக, ஆறுபக்கம் கொண்டதாக இருந்தால் அது கட்டுவிரியன் இனமாக இருக்கலாம். எல்லாச் செதிலிலும் நடுமேடு ஓடினால் புடையனாக இருக்கலாம். ஆனால் விஷமில்லாத சில பாம்புகளுக்கும் அப்படி உண்டு, ஆகவே தலைப்பகுதியையும் பாருங்கள். சட்டையின் நீளத்தை வைத்துப் பாம்பின் நீளத்தைக் கணிக்காதீர்கள். கழலும்போது அது இழுபட்டு நீளும்.

எலும்பு மட்டும் கிடந்தால்? வெங்காயத் தறையைக் கொத்தும்போதோ கான் வெட்டும்போதோ கோர்வையாக முள்ளெலும்பு வரும். பாம்பா, மீனா, விலாங்கா? ஒரு எலும்பை எடுத்து இரண்டு முனையையும் பாருங்கள். மீனின் முள்ளெலும்பு இரண்டு பக்கமும் குழிந்திருக்கும், நூல்கட்டை போல. பாம்பின் முள்ளெலும்பு முன்பக்கம் கிண்ணம், பின்பக்கம் உருண்டை. ஒன்றின் உருண்டை அடுத்ததன் கிண்ணத்தில் பொருந்தும். கழுத்திலிருந்து கழிவு வாய் வரைக்கும் விலா எலும்பு இருக்கும். தோள் எலும்பு, நெஞ்செலும்பு, கால் எலும்பு இருக்காது. இதை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே சொல்கிறார்கள்.

கடற்கரையில் வலையிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கும் பாம்பின் வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தால் அது கடற்பாம்பு. கடுமையான விஷம் கொண்டது. தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செத்த பாம்பின் தலையைக் கையால் பிடிக்காதீர்கள். வெட்டுப்பட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். அதைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கியதும் உண்டு. தூரத்தில் நின்று போனில் ஒரு படம் போதும். பாம்பைக் காணாவிட்டாலும் பரவாயில்லை. டாக்டர்கள் நோய்க்குறியைப் பார்த்தும், இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தும் தீர்மானிப்பார்கள். கடிபட்டவரை ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நேரத்தை எழுதுங்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பார்வைக்காரர் வந்து மந்திரிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி ஆமைக்கு வருவோம். காலையில் கண்ட ஓட்டை வைத்தே சொல்கிறோம்.

ஒரு பிள்ளை கேட்டாள்: “ஆமை வீட்டை விட்டுட்டுப் போயிட்டுதா, டீச்சர்?” இல்லை. ஓடு ஆமையின் வீடு என்பது கதையில்தான். ஓட்டைப் புரட்டி உள்பக்கம் பார்த்தால் முதுகெலும்பு நடுவில் ஒட்டியே ஓடுகிறது. இரண்டு பக்கமும் விலா எலும்புகள் பரந்து தகடாகியிருக்கின்றன. ஆமை ஓட்டை விட்டு வெளியே வர முடியாது, நாம் நம் முதுகை விட்டு வர முடியாதது போல.

தரை ஆமையா, குளத்து ஆமையா, கடலாமையா? தரையில் வாழும் நட்சத்திர ஆமையின் ஓடு உயர்ந்து கவிந்திருக்கும், கனமாக இருக்கும், மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். கிரி இப்பா என்று சிங்களத்தில் சொல்லும் பால் ஆமையின் ஓட்டின் மேல் தகடு கிடையாது, தோல்தான் இருக்கும். கடலாமையின் ஓடு தட்டையாக, முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கும். விலா முனைகளுக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி தெரியும். கை எலும்பு கிடைத்தால் விரல்கள் மிக நீண்டு துடுப்பு வடிவில் இருக்கும்.

நமது கடலுக்கு வருகிற கடலாமை ஐந்து இனம். ஏழுவரி ஆமைக்குத் தகடே இல்லை. தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் வரிகள் ஓடும், ஆளுயரம் வளரும். மற்ற நான்கையும் பிரிக்க நடுவரிசைக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தகடுகளை ஒரு பக்கம் எண்ண வேண்டும். நான்கு என்றால் பேராமை அல்லது அழுங்காமை. அழுங்காமையின் தகடுகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று படியும், வாய் கிளி மூக்குப் போல வளையும். ஐந்து என்றால், தலையும் பெரிது என்றால், பெருந்தலை ஆமை. ஓடு ஏறக்குறைய வட்டமாக, ஆறு, ஏழு, எட்டு என்று தகடு இருந்தால் பங்குனி ஆமை. சில பங்குனி ஆமைக்கு ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஏழுமாகக்கூட இருக்கும்.

தகடு உதிர்ந்த ஓட்டில் ஏமாறக்கூடாது. எலும்பு மீது இரண்டு வகைக் கோடு இருக்கும். பல்லுப் பல்லாக, தையல் போட்டது போல ஓடுவது எலும்புகள் சேர்ந்த இடம். வழவழப்பாக, சிறு பள்ளமாக ஓடுவது தகடு இருந்த எல்லை. இரண்டும் ஒரே இடத்தில் ஓடாது. நாம் எண்ண வேண்டியது பள்ளக் கோட்டை. பிள்ளைகள் முதலில் தையலை எண்ணி “எட்டு” என்றார்கள். பிறகு பள்ளத்தை எண்ணினார்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு. பங்குனி ஆமை.

அந்த ஓட்டின் குறுக்கே ஒரு நேரான வெட்டு இருந்தது. ஒரு பையன் “போட்டு விசிறி வெட்டினது” என்றான். இன்னொருவன் “யாரோ கத்தியால வெட்டினது” என்றான். அது உயிரோடு இருக்கும்போது விழுந்த வெட்டா, செத்த பிறகு விழுந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே, “குறுக்கே நேரான வெட்டு, ஒரு சாண் நீளம்” என்று மட்டும் எழுதச் சொன்னோம். கண்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது. ஆபீஸ் விசாரணையில் சாட்சி சொன்னவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால், சொன்ன உண்மையும் அதோடு போய்விடும்.

தகட்டைக் கேட்ட பிள்ளைக்கு நாங்கள் மறுத்ததற்குக் காரணம் இரண்டு. கடலாமைகள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. ஓட்டையோ தகட்டையோ வைத்திருப்பதும் குற்றம். இரண்டாவது, சாட்சியை இடம் மாற்றினால் அது சாட்சியாக இருக்காது. அவள் கோபத்தோடேயே அந்தத் தகட்டைக் கொப்பியில் வரைந்தாள். பாட்டிக்கு அந்தப் படம் போகும். நாங்கள் வனவிலங்குத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அடித்து இடத்தைச் சொல்லிவிட்டு வந்தோம்.

செத்த ஆமையை எண்ணி என்ன கிடைக்கும் என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பிடித்தது. சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட கப்பல். அதில் 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏராளமான பிளாஸ்டிக் மணிகள். ஜூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியது. கரையெல்லாம் வெள்ளை மணி. மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. இறந்த ஆமைகள் கரையொதுங்கத் தொடங்கின. அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது: ஆமை சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்க, கப்பல்தான் காரணம் என்பதற்கு என்ன சாட்சி?

ஆமை காற்றைச் சுவாசிக்கிற பிராணி. வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் சில ஒதுங்கும். ஆகவே ஒவ்வொரு உடலையும் என்ன இனம், எங்கே, எப்போது, என்ன காயம் என்று பதிய வேண்டியிருந்தது. கால்நடை வைத்தியர்கள் உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். வழக்கு நான்கு வருடம் நடந்தது. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததாகத் தீர்ப்பில் எண் சொல்லிப் பதிந்தது. கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

தீர்ப்பு வந்த அன்றே பணம் கைக்கு வந்துவிடாது என்பது தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த 417 என்ற எண்ணைப் பாருங்கள். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு யாரோ ஒருவர் கிட்டப் போய்ப் பார்த்து, எழுதி வைத்ததால்தான் அந்த எண் நீதிமன்றம் வரைக்கும் போனது. மணலில் புதைத்திருந்தால் அந்த ஆமைகள் கணக்கில் இல்லை. எரித்த பாம்பு எங்கள் அக்காவின் கணக்கில் இல்லாமல் போனது போல.

போன வருடம் எங்கள் பக்கத்தில் இன்னொரு சகோதரிக்கு மலையில் கடித்தது. அடிபட்டுச் செத்துக் கிடந்த பாம்பை எங்களிடம் படித்த ஒரு பையன் எரிக்கவிடவில்லை. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து, தலை ஒரு படம், முதுகு ஒரு படம், தேயிலை வரிசையும் மலை இலக்கப் பலகையும் தெரிய ஒரு படம் எடுத்தான். படத்தைப் பார்த்த உடனேயே டாக்டர் கூனல்மூக்கு விரியன் என்றார். ஒரு வாரம் சிறுநீரகத்தைக் கவனித்து அனுப்பினார்கள். வேலை செய்யாத நாட்களுக்குச் சம்பளம் வாங்கிவிட்டோம். நட்டஈட்டுப் பேச்சு இன்னும் நடக்கிறது. ஆனால் இந்த முறை “என்ன பாம்பு, எங்கே கடித்தது” என்று யாரும் கேட்கவில்லை.

முடிக்கும் முன் வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கொப்பி வையுங்கள். பாம்போ, சட்டையோ, எலும்போ, ஆமையோ கண்டால் திகதி, நேரம், இடம், அளவு, கண்ட அடையாளம், கண்டவர் பெயர். படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிள்ளைகள் வரையட்டும். வெறுங்கையால் தொட வேண்டாம், தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடிபட்டால் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் “பாம்புக்கடி” என்று, நேரமும் வேலைத்தலமும் சேர்த்து எழுதும் வரை அந்த இடத்தை விட்டு ஒருவராவது நகரக்கூடாது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், கூட வந்தவர் நின்று எழுதுவியுங்கள்.

மாதம் ஒருமுறை அந்தக் கொப்பியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே கானுக்குப் பக்கத்தில் மூன்று சட்டை கிடந்தது என்று எழுத்தில் காட்டினால், கானைத் துப்புரவாக்கு, புல்லு வெட்டுகிறவர்களுக்குச் சப்பாத்துக் கொடு, இரவில் வாகனம் தயாராக வை என்று கேட்க நமக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

அந்தப் பிள்ளை வரைந்த படம் அங்கே சுவரில் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு. போகும்போது நீங்களும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள்.